சின்னம்மாவின் லண்டன் இங்கிலீஷ்

என் சின்னம்மாவை மொக்கு, மண்டையில் ஒன்றும் ஏறாதவள் என்று சொன்னவர்கள் எல்லோரும் இன்றைக்கும் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் அவர்களைக் காண்கிறேன். என்னைக் கண்டதும், "சின்னம்மா எப்பிடிப் பிள்ளை இருக்கிறா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். நானும் "நல்லா இருக்கிறா" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர்களை மனத்துக்குள் ஏசிக்கொண்டே வருவேன். அவர்கள் அப்படிச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்றால் நான் என்ன செய்ய?

நாங்கள் மயிலிட்டிக் கடற்கரைச் சனம். நான் பிறக்க முன்னரே சண்டைக்குள் ஊரை விட்டு எழும்பி, மானிப்பாயில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். துறைமுகம் திரும்பவும் திறந்த பிறகு அப்பாவும் மாமாவும் மோட்டார் சைக்கிளில் போய் மீன்பிடித் தொழில் செய்துவிட்டு வருவார்கள். மாமா அம்மாவுக்கு மூத்தவர், சின்னம்மா எல்லோருக்கும் கடைசி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றபடியால் சின்னம்மாவின் காரியங்கள் முழுவதையும் மாமாதான் பார்த்தார். பார்த்தார் என்றால், சின்னம்மா எந்தப் பக்கம் தும்ம வேண்டும் என்பது வரைக்கும் பார்த்தார்.

லண்டன் மாப்பிள்ளையைக் கொண்டு வந்ததும் மாமாதான். மாப்பிள்ளை வீட்டுக்காரரும் எங்கள் கரைப் பக்கத்து ஆட்களே. இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியில் மாடி வீடு கட்டி இருந்துவிட்டவர்கள். மாப்பிள்ளை ஒரு விடுமுறைக்கு வந்தார். பெண் பார்த்தார், எழுத்து முடிந்தது, மோதிரம் போட்டார், படம் எடுத்தார், திரும்பிப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பதிவுத் திருமணத்தை எழுத்து என்போம். தாலி பிறகு ஏறும். ஆனால் எழுத்து முடிந்தால் முடிந்ததுதான். அதன்பிறகு ஒரு பெண் பாதிக் குமர், பாதிப் பெண்சாதி. குமருக்கு உள்ள சுதந்திரமும் இல்லை, பெண்சாதிக்கு உள்ள மரியாதையும் இல்லை. சின்னம்மா அந்த நிலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்.

இடையில் நின்றது ஒரு பரீட்சை. லண்டனுக்கு மனைவியாகப் போகிறவர் இங்கிலீஷில் நாலு வார்த்தை கதைத்துக் காட்ட வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஓர் எண்ணம். கொழும்பில் ஏசி போட்ட அறையில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, உன் பெயர் என்ன, என்ன சமைப்பாய், கடைக்குப் போனால் என்ன கேட்பாய் என்று விசாரிப்பார். வெறும் குழந்தைப்பிள்ளைப் பரீட்சை. எங்கள் ஒழுங்கையிலிருந்து எத்தனையோ பெண்கள் அதைப் பாஸ் பண்ணிவிட்டுப் பிளேன் ஏறியிருந்தார்கள். சின்னம்மாவோ பெயில் ஆகிவிட்டுக் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. மாமா மூன்று நாள் சோறு தின்னவில்லை. பிறகு தின்றுவிட்டு ஒரு முடிவை அறிவித்தார். மானிப்பாய்ச் சந்திக்குப் பின்னால் இருக்கும் ஸ்போக்கின் இங்கிலீஷ் வகுப்புக்குச் சின்னம்மா போக வேண்டும். ஆனால் எழுத்து முடிந்த பெண் தனியே போகக்கூடாது, அதனால் துணைக்கு நான் போக வேண்டும். இரண்டு பேரும் போவது என் சைக்கிளில்.

என் சைக்கிள்! ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணினதற்கு அப்பா வாங்கித் தந்த ஊதா நிற லேடீஸ் சைக்கிள் அது. வளருகிற பிள்ளை என்று பெரிதாகவே வாங்கிவிட்டார். சீற்றில் இருந்தால் என் கால் பெடலில் முட்டாது. ஆனாலும் அது என்னுடையது. நான் உருட்டிக்கொண்டு போவேன், துடைப்பேன், மணியை அடிப்பேன். அதைத் தரமாட்டேன் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். மாமா சிரித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உதுக்குப் பேர் என்ன? லேடீஸ் சைக்கிள். லேடி சைக்கிள் எண்டு ஆராவது சொல்லுறவையே? லேடீஸ் எண்டால் வீட்டுப் பொம்பிளையள் எல்லாருக்கும் எண்டு அர்த்தம். உனக்கு மட்டும் எண்டு கடைக்காரன் சொல்லித் தந்தவனே?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒரு பிள்ளையின் சாமானைப் பறிக்க வெளிக்கிட்டால் எந்தப் பாஷையும் அவர்களுக்குத்தான் துணை நிற்கும். மாமாவின் மோட்டார் சைக்கிளை நான் ஏதாவது சொல்லிப் பறித்திருந்தால் அப்போது தெரிந்திருக்கும்.

அப்படியாக நான் என் சொந்த சைக்கிளின் கரியரில் குந்தியிருந்து இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். கிடுகுக் கொட்டில், ஒரு ஃபான், உட்கார நாலு வாங்கு. ஊரில் அதற்கு லண்டன் வகுப்பு என்றே பெயர். வந்தவர்கள் எல்லோரும் எழுத்து முடிந்த அக்காமார். எழும்பி நின்று ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். எல்லோருக்கும் பிடித்த சாப்பாடு கோழிக்கறி. எல்லோருக்கும் பிடித்த பொழுதுபோக்குத் தோட்டம் செய்வது. முற்றம் கூட்டப் பஞ்சிப்படும் அக்காவும் அதைத்தான் சொன்னார். சின்னம்மா மட்டும் தனக்குப் பிடித்தது கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்று அழகான இங்கிலீஷில் சொன்னார். படிப்பிக்கிற சேர் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

ஒரு நாள் சேர் பலகையில் எழுதி விளங்கப்படுத்தினார். இங்கிலீஷில் ஒரு சாமானின் பெயருக்கு முன்னால் இன்னொன்றின் பெயரை வைத்துச் சொன்னால், முன்னுக்கு நிற்பது ஒருமையில்தான் நிற்க வேண்டுமாம். கடை நிறையச் சப்பாத்து இருந்தாலும் அது ஷூ ஷொப். வாய் நிறையப் பல் இருந்தாலும் அது ரூத் பிறஷ்.

"எங்கடை வாயிலை ஒரு பல்லே கிடக்கு, சேர்?" என்று முன்வாங்கு அக்கா ஒருவர் கேட்க, கொட்டில் முழுவதும் சிரிப்பு.

சின்னம்மா கையை உயர்த்தினார். "அப்ப பள்ளிக்கூடத்திலை ஸ்போர்ட்ஸ் மீற் எண்டு ஏன் சொல்லுறது, சேர்? சாமான் ஏத்துற கூட்ஸ் கோச்சி, லேடீஸ் சைக்கிள்... அதிலை எல்லாம் முன்னுக்குக் கூட்டமாத்தானே நிக்குது?"

லேடீஸ் சைக்கிள் என்றதும் எனக்கு உடம்பு கொதித்தது. சேர் சோக்கைக் கீழே வைத்துவிட்டு, அப்படியும் சில சொற்கள் இருப்பதை எடுத்துச் சொன்னார். ஸ்போர்ட்ஸ், கூட்ஸ், கஸ்ரம்ஸ், சேல்ஸ் எல்லாம் அப்படியே முன்னுக்குப் போய் நிற்குமாம், ஒருமையாக்கினால் அவற்றின் பொருளே வேறாகிவிடுமாம். சொல்லி முடித்துவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்தார்.

"இதைப் பற்றி இந்த வகுப்பிலை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லுங்கோ தங்கச்சி, நீங்கள் எப்பிடி அந்தப் பரீட்சையிலை பெயிலானியள்?"

சின்னம்மா குனிந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்தது. என் சின்னம்மாதான் வகுப்பில் முதலாவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு அதைத் திரும்பவும் விளங்கப்படுத்தினார். பெடலை மிதித்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் கரியரில் இருந்து கத்துவேன். ஷூ ஷொப்! ரூத் பிறஷ்! ஸ்போர்ட்ஸ் மீற்! "உன்ரை மாமாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்தாலும் ரூத் பிறஷ் தான், விழாட்டிலும் ரூத் பிறஷ் தான்" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சைக்கிள் பறிபோன கோபம் எனக்குப் பாதி தணிந்துவிட்டது. லேடீஸ் சைக்கிள் என்றால் பெண்கள் ஓடுகிற மாதிரிச் செய்த சைக்கிள் என்றுதான் அர்த்தம், பங்கு கேட்க முடியாது என்றும் சொன்னார். "மாமாவுக்கு உதைச் சொல்லுங்கோவன்" என்றேன். "சொன்னால் மட்டும் குடுத்திடுவரே?" என்றார்.

லண்டன் சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்து முடிந்தபடியால் அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார். பின்னேரம் ஐந்து மணிபோல வீடியோவில் வருவார். நல்ல வடிவான மனிதர், மெதுவாகத்தான் கதைப்பார். வந்தவுடன் கேட்பது, "எங்கை, போனைச் சுத்திக் காட்டு." சின்னம்மா போனை மெல்லமாகச் சுற்றிக் காட்டுவார். சுவர், அலுமாரி, யன்னல், கதவுக்குப் பின்பக்கம். எனக்கு அது நல்ல விளையாட்டு. போன் என் பக்கம் வரும்போது கையை ஆட்டுவேன், சிலவேளை கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்று "பே!" என்று கத்துவேன். ஒருமுறை அவர் திடுக்கிட்டு, "ஆரது? ஆர் அதிலை நிக்கிறது?" என்று கேட்ட கேள்வியில் சின்னம்மாவின் கையிலிருந்து போன் கீழே விழுந்துவிட்டது. கண்ணாடி வெடித்துப்போயிற்று. அதற்கு எனக்குத்தான் ஏச்சு.

வகுப்புக்குள்ளும் ஒருநாள் சித்தப்பா போன் எடுத்தார். சின்னம்மா எழும்பி வெளியே போகப் பார்த்தார். வேண்டாமாம், அங்கேயே வைத்துச் சுற்றிக் காட்டட்டுமாம். கொட்டிலில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் காட்டினார். அக்காமார் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்து மூடிக்கொண்டார்கள். சேர் சோக்கோடு நின்றபடி நின்றார். "பிள்ளையைப் பக்கத்திலை இருத்தி வைச்சிருக்கிறியோ? அவளைக் காட்டு" என்று குரல் வந்தது. நான் வலு புளுகமாக, சந்தோஷத்தோடு முகத்தைக் காட்டினேன். என்னையும் தேடுகிறார் என்று எனக்குப் பெருமை. அதற்குப் பிறகு சின்னம்மா அந்த வகுப்பில் கையை உயர்த்தியதை நான் காணவில்லை.

அன்று பின்னேரம் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, சின்னம்மா சுவரோடு சாய்ந்து நின்று, "அக்கா, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார்.

"எல்லாருக்கும் முதல் அப்பிடித்தான்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "அங்கை போய் ஒரு பிள்ளையும் பிறந்திட்டால் எல்லாம் சரியாகும்."

"அவர் எந்த நேரமும்..."

"அக்கறை இருக்கிறவன்தான் கேப்பான். கேக்காதவன் எண்டால்தான் நீ பயப்பிடோணும். அண்ணை கஷ்டப்பட்டுக் கொண்டந்த சம்பந்தம். கண்டதையும் நினைச்சுக் குழம்பாதை."

நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சின்னம்மாவுக்கு வயிற்றுக்குத்து என்று விளங்கிக்கொண்டு, ஓமம் அவித்துக் குடிக்கச் சொன்னேன். சின்னம்மா என் தலையைத் தடவிவிட்டு அப்பால் போனார்.

இரண்டாம் முறையும் கொழும்புக்குப் போனார்கள், சின்னம்மாவும் மாமாவும். இரண்டாம் முறையும் பெயில்.

இந்த முறை மாமா சோற்றை விடவில்லை, வாயைத்தான் விட்டார். "மொக்கு! படிச்சுப் படிச்சு என்னத்தைக் கிழிச்சனி? ஒழுங்கையாலை போக ஏலாமல் கிடக்கு, போறவன் வாறவன் எல்லாம் கேக்கிறான். மாட்டுக்குச் சொல்லிக் குடுத்தாலும் இத்தறுதிக்குப் பாஸ் பண்ணியிருக்கும்!" அயலில் உள்ளவர்களும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயடியில், கடைவாசலில், கோயில் வீதியில் எல்லாம் சின்னம்மாவின் மொக்குத்தனம்தான் கதை. சின்னம்மாவோடு ஒன்றாகப் படித்த அக்கா ஒருவர் என்னை மறித்து, "மெய்யே, உன்ரை சின்னம்மாவுக்குத் தன்ரை பேரும் சொல்லத் தெரியாதாம்?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்துக் காறித் துப்பினேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன். ஊர் முழுவதும் ஒரு பொய்யைச் சொல்லும்போது உண்மை தெரிந்த ஒரே ஆள் பதினொரு வயதுப் பிள்ளை என்றால், அந்தப் பிள்ளை துப்பாமல் வேறு என்ன செய்யும்?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவகச்சேரியிலிருந்து சின்னம்மாவின் மாமியார் வந்து இறங்கினார். வாடகைக்குப் பிடித்த ஓட்டோவில், மடியில் ஒரு பலாப்பழத்தோடு. அம்மா ஓடி ஓடிக் கதிரை துடைத்தார். மாமா சாரத்தை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்ட, மாமியார் அதை வாங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துச் செம்பில் சாத்தி வைத்தார். அதில் லண்டன் சித்தப்பா தெரிந்தார்.

"ரெண்டு முறை பெயில் எண்டால் என்ன அர்த்தம்?" என்று மாமியார் தொடங்கினார். "என்ரை மோனை அங்கத்தைப் பெடியள் பகிடி பண்ணுறாங்களாம், உன்ரை மனிசி என்ன ஊமையோ எண்டு."

"இல்லை மாமி, அவள் படிக்கிறாள். அடுத்த முறை கட்டாயம்..." என்று மாமா இழுத்தார். எங்களிடம் சிங்கம் மாதிரி நிற்கிற மனிதர் அந்த மனுஷிக்கு முன்னால் குழைந்த குழைவைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"என்னத்தை அடுத்த முறை? மண்டைக்குள்ளை களிமண் கிடந்தால் ஆர் வந்து படிப்பிச்சும் என்ன? எனக்கு நேரவே சொல்ல வேண்டிக் கிடக்கு. ஒரு மொக்குப் பெட்டையை எங்கடை தலையிலை கட்டிப்போட்டியள்."

சின்னம்மா தேத்தண்ணியைப் பிடித்தபடி நின்றார். ஒருவரும், ஒருவரும் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அப்பா வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. கதவு மூலையிலிருந்து நடு வீட்டுக்குள் வந்து நின்றேன்.

"சின்னம்மா மொக்கில்லை! வகுப்பிலை அவதான் முதலாவது. சேரே சொன்னவர்!"

"சேர் சொன்னவரோ?" என்று போனுக்குள்ளிருந்து கேட்டது. "வேறை என்னெல்லாம் சொன்னவர் உங்கடை சேர்?"

சின்னம்மாவின் கோப்பை தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "நம்பாட்டில் கேட்டுப் பாருங்கோ! ரூத் பிறஷை ஏன் ரீத் பிறஷ் எண்டு சொல்லக்கூடாது எண்டு கேளுங்கோ. ஸ்போர்ட்ஸ் மீற் எண்டு ஏன் சொல்லுறது எண்டு கேளுங்கோ. அவவுக்கு எல்லாம் தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே அவதான்!"

"எங்கை, நீயே கேள் பாப்பம்" என்றார் சித்தப்பா. மாமா முன்னுக்குக் குனிந்தார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது, பாவம்.

நான் சின்னம்மாவுக்கு நேரே போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்கிற மாதிரிக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு கேட்டேன். "சின்னம்மா, பல்லு விளக்கிற பிறஷுக்கு இங்கிலீஷிலை என்ன?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "ரீத் பிறஷ்" என்றார்.

ஏதோ அந்தரப்பட்டுப் பதறித் தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். "இல்லைச் சின்னம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. சப்பாத்துக் கடைக்கு?"

"ஷூஸ் ஷொப்."

"சின்னம்மா! எங்கடை பள்ளிக்கூடத்திலை ஓட்டப்போட்டி எல்லாம் வைப்பினமே, அதுக்கு?"

"ஸ்போர்ட் மீற்."

"என்ரை சைக்கிளுக்கு?" என்று நான் அழுதுகொண்டு கேட்டேன்.

"லேடி சைக்கிள்."

போனுக்குள் சித்தப்பா சிரித்தார். "விடுங்கோ அம்மா. எனக்கு வேலைக்கு நேரமாகுது. உவளை இஞ்சை கூப்பிட்டு வைச்சு நான் ஆனா ஆவன்னா படிப்பிக்கிறதே?" அத்தோடு போன் இருட்டாகிவிட்டது. மாமியார் எழும்பினார். பலாப்பழத்தையும் தூக்கிக்கொண்டே ஓட்டோவில் ஏறினார். அப்படிப்பட்ட மனுஷி.

பிறகு விழுந்த அடி முழுவதும் எனக்குத்தான். பெரியாட்கள் கதைக்கும் இடத்தில் வாய் காட்டினதற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று என்று அம்மா கணக்கு வைத்து அடித்தார். பொய்யாம்! நான் பொய்காரியாம்! அந்த வீட்டில் அன்று உண்மை பேசிய ஒரே ஆள் நான். என்னைப் பொய்காரி ஆக்கினது வேறு ஒருவருமில்லை, என் சின்னம்மா. அடியை விட அதுதான் சுட்டது. அவருக்காகத்தானே நடு வீட்டில் போய் நின்றேன்? ஒரு சொல் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த மனுஷியின் வாய் அடைத்திருக்குமே? அன்றிலிருந்து நான் சின்னம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் தலை வாரிவிட வந்தால் தலையை இழுத்துக்கொள்வேன். "கோவமே குஞ்சு?" என்று கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கு யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. உண்மையிலேயே தெரியாத ஆள் என்றால் நாலில் ஒன்றாவது தவறிப்போய்ச் சரியாக வந்திருக்கும். நாலையும் ஒன்று விடாமல் பிழையாகச் சொல்ல வேண்டுமென்றால் நாலும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறையில் மூன்று பெரியாட்கள் இருந்தார்கள், லண்டனில் ஒரு படித்த மனிதரும் இருந்தார். ஒருவருக்காவது இது மண்டையில் தட்டியதா? தட்டவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றால் எங்கள் சனம் உடனே நம்பும். அதற்கு மட்டும் யாரும் சாட்சி கேட்பதில்லை.

இப்போது எனக்கும் அந்தச் சின்னம்மாவின் வயதாகிறது. என் கோபம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறதே தவிரக் குறையவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது என்று அந்த வீட்டில் ஒரு பெண் சொல்லலாம். எனக்கு இந்த ஆள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் குடும்ப மானம் போகும், அண்ணனின் வாக்குப் போகும், அடுத்த பெண்ணுக்குச் சம்பந்தம் வராது. அந்த அடுத்த பெண் நான்தான். மொக்கு என்றால் அவர் ஒருவருடைய பெயர் மட்டும்தான் கெடும். சின்னம்மா கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. ஏசியது மாமா, சிரித்தது ஊர், கழற்றி விட்டது மாப்பிள்ளை வீடு. சின்னம்மா வாயைத் திறந்து வேண்டாம் என்ற ஒரு சொல்லையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல விடாத வீட்டில்தான் நானும் சோறு தின்று வளர்ந்தேன் என்பதை நினைக்க இன்றைக்கும் நரம்பு புடைக்கிறது.

கழற்றி விட்ட செய்தி ஒரு மத்தியானம் வந்தது. சாவகச்சேரியிலிருந்து ஒரு தரகர் வந்து, அவர்கள் வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம், எழுத்தைக் கோட்டில் வழக்கு வைத்து ரத்துச் செய்ய ஆளை விடுவார்களாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். மாமா முற்றத்து வேலியோடு நின்று, இனி இவளை எவன் கட்டுவான் என்று ஒழுங்கை முழுவதற்கும் கேட்கக் கத்தினார். அயல் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவைச் சுற்றி இருந்து மூக்கைச் சிந்தினார்கள். சின்னம்மாவை மட்டும் காணவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கோபத்தை மறந்து அறை, கிணற்றடி எல்லாம் தேடினேன். கடைசியில் குசினிக் கதவைத் தள்ளினேன்.

சின்னம்மா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு. அதன்மேல் மத்தியானத்து விளைமீன் குழம்பு, முருங்கைக்கீரை வறை. குழம்பை விட்டுப் பிசைந்து பெரிய பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டார். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். எழும்பிச் சட்டியிலிருந்து இன்னும் சோறு போட்டுக்கொண்டார். சொதியை அள்ளி விட்டார். வெளியே அம்மாவின் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக எங்களோடு சாப்பிட இருந்து நாலு பருக்கையைக் கொத்திவிட்டு, "காணும் அக்கா" என்று எழும்பிப்போகிறவர் இவர்தான். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். என்னைக் கண்டதும் ஒரு கவளத்தை உருட்டி நீட்டினார்.

"இந்தா குஞ்சு. நல்ல உருசையாக் கிடக்கு, வா."

நான் வாங்கவில்லை. இரண்டு தரம் பெயில், மாப்பிள்ளையும் போயிற்று, ஊர் சிரிக்கிறது, வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், இவருக்கு மட்டும் என்ன பசி? வெட்கம் கெட்ட மனுஷி என்று மனத்துக்குள் ஏசிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டு, அம்மாவோடு சேர்ந்து அழப் போனேன்.